செல்லமுத்துவின் வயிறு

மோகனூருக்கு மேற்கே, காவிரிக் கரையை ஒட்டிக் கரும்புக்காடுகளுக்கு நடுவில் இருக்கிற ஊரில் செல்லமுத்துவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆளைத் தெரியும் என்பதைவிட அவன் வயிற்றைத் தெரியும் என்பதுதான் சரி. முதலில் அது பெருத்துக் கிடந்ததற்காகத் தெரியும். பிறகு அது ஒட்டிப்போய்க் கட்டுக்கட்டாக நின்றதற்காகத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் ஓடியது நாலு மாதம். அந்த நாலு மாதத்தை ஊர் சொல்கிற விதம் வேறு, நடந்த விதம் வேறு. ஊர்க்கதையில் செல்லமுத்து மேல் ஒரு பிழையும் இல்லை. யாராவது அவன் எதிரிலேயே அந்தக் கதையை எடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறான்.

பத்தொன்பது வயதில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் ஏறியவன் அவன். சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று பதினைந்து வருசம் கல்லையும் மண்ணையும் துளைத்தான். சோறு நேரத்துக்குக் கிடைக்காத வேலை. ஊர் திரும்பி, எட்டாயிரம் கோழியோடு ஒரு முட்டைப் பண்ணை வைத்து, மலர்விழியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு அந்தப் பதினைந்து வருசத்துப் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் எண்பத்தெட்டு கிலோ. விருந்துக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “எத்தன மாசமுங்க?” என்று கேட்பார். அவனும் வயிற்றைத் தடவிக்கொண்டு, “நெறமாசமுங்க” என்பான். சிரிக்கவும் தெரிந்தவன்தான்.

அவனுக்கு ஒரே அக்கா, பூவாத்தாள். நாலு வயது மூத்தவள். பரமத்திப் பக்கம் கந்தப்பனுக்குக் கட்டிக்கொடுத்தது. செல்லமுத்துவின் கல்யாணத்தில் இணைச்சீர்க்காரியாக நின்றவள் அவள்தான். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் கூடப்பிறந்தவளுக்கும் ஒரு சீர் நடக்கும். கூரைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளையின் கக்கத்தில் இருக்கும், மறு தலைப்பு கூடப்பிறந்தவளின் கையில் இருக்கும். பெண்டாட்டி வந்த பிறகும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று சபையறியச் சொல்வது அது. அன்றைக்கு யாருக்கோ கும்பிடு போடக் கையைத் தூக்கியதில் கக்கத்துச் சேலை நழுவப் பார்த்தது. “கெட்டியாப் புடிச்சுக்கடா, உட்டுறாத” என்று பூவாத்தாள் காதோடு சொன்னாள். வீடியோவில் அது இன்னும் இருக்கிறது, சத்தம் மட்டும் கேட்காது.

போன தை மாதம் பூவாத்தாளுக்குக் கால் வீங்கியது, கண் மஞ்சளானது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கல்லீரல் சுருங்கிப்போய்விட்டது என்றார்கள். ஒரு சொட்டுச் சாராயம் வாயில் படாதவள் அவள். குடிக்கிறவனெல்லாம் ஊரில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, இவளுக்கு இது வருவானேன் என்று செல்லமுத்துவுக்கு ஆத்திரமாக வந்தது. எந்தக் காலத்திலோ வந்து போன காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி வேலை செய்திருக்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். மாற்றுக் கல்லீரல் வைத்தால் பிழைப்பாள். கூடப்பிறந்தவர்களோ பிள்ளைகளோ பாதியைக் கொடுக்கலாம், கொடுத்தவருக்கும் அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார். மருந்து மாத்திரையில் ஓட்டினால் நாலைந்து மாதம் தாங்கும், அதற்குள் ஆள் தயாராக வேண்டும்.

கந்தப்பனுக்கு ரத்த வகை சேரவில்லை, சர்க்கரையும் இருந்தது. சேர்ந்தது இரண்டு பேருக்கு. ஒன்று செல்லமுத்து. இன்னொன்று பூவாத்தாளின் ஒரே மகள் நித்யஸ்ரீ. இருபத்திரண்டு வயது, எம்.எஸ்சி. முதல் வருசம், ஜாதகம் வெளியே போயிருந்த நேரம்.

மகள் பெயரை எடுத்ததுமே பூவாத்தாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியை மட்டும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“சாமி, நான் செத்தாலும் சரி. எம்புள்ள வவுத்துல கத்தி படக்கூடாது.”

“படாதக்கா. நான் எதுக்கு இருக்கறேன்?”

“சும்மா வாய்ல சொல்லாத. சத்தியமாச் சொல்லு.”

“உன்ற மேல சத்தியம். நான் குடுக்கறேன். நித்யாளக் கத்தி தொடாது.”

அவள் அவன் கையை விடாமல் ரொம்ப நேரம் பிடித்திருந்தாள். தம்பி சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியிருக்கும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த வாரம் ஸ்கேனில் அவன் கல்லீரலைப் பார்த்தார்கள். நூற்றுக்கு முப்பது பங்கு கொழுப்பு. இதைக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் ஆகாது, கொடுக்கிற உங்களுக்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பத்துக்குக் கீழே வர வேண்டும். மாதத்துக்கு மூன்று கிலோ குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம், பட்டினி கிடக்காதீர்கள் என்றார். “இன்னொண்ணு. பொடி, மாத்திரை, நாட்டு மருந்து எதுவும் தொடக்கூடாது. எதுவா இருந்தாலும் என்னைக் கேளுங்க.” செல்லமுத்து தலையாட்டினான். காதில் விழவில்லை என்று அவன் பிற்பாடு சொல்ல முடியாது. நன்றாகவே விழுந்தது.

ஆரம்பித்தான். வெள்ளைச் சோறு, சர்க்கரை, பொரித்தது எல்லாம் நின்றது. காலையில் நாலு முட்டை வெள்ளைக்கரு, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் மூன்று கரண்டிக் கீரையும், சாயங்காலம் சுண்டல், பிறகு ஒரு சோளத் தோசையோடு சரி. மஞ்சள்கருவெல்லாம் பண்ணை நாய்க்குப் போனது. “நாயி கொழுக்குது, நீங்க எளைக்கறீங்க” என்று மலர்விழி சிரித்தாள். காலையில் ஆற்றங்கரையோடு ஆறு கிலோமீட்டர் நடை. பத்து மணிக்கு நாமக்கல் பரமத்தி ரோட்டில் ஒரு ஜிம். மாஸ்டர் சந்தோஷ்குமார் முப்பது வயது ஆள், சட்டைக் கை கிழிந்துவிடுமோ என்கிற மாதிரி தோள். முழங்கையை ஊன்றிப் பலகையாட்டம் கிடக்கிற பிளாங்க்கில் செல்லமுத்து முதல் நாள் பதினோரு விநாடி தாங்கினான். பன்னிரண்டாவதில் முகம் தரையில் விழுந்தது.

பசி பழகிய ஆள்தான். ஆனால் ரிக்கில் இருந்த பசி சோறு இல்லாத பசி, இது சோற்றுக்கு எதிரில் உட்கார்ந்த பசி. ஒரு விருந்தில் ஆட்டுக்கறிக் குழம்பு வாசத்தைத் தாங்க முடியாமல் பாதியில் எழுந்து வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த நாளில் அவன் செய்தது முழுக்க முழுக்க அக்காவுக்காகத்தான். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு மாதத்தில் நாலு கிலோ போனது, இரண்டாவது மாதம் ஐந்து. டாக்டரம்மா சொன்ன கணக்கைத் தாண்டியது பற்றி அவன் கவலைப்படவில்லை, சந்தோசப்பட்டான்.

தப்பு நுழைந்தது பங்குனியில்தான். ஒரு நாள் ஜிம்மில் பனியனைக் கழற்றி முகம் துடைக்கும்போது சந்தோஷ்குமார் அவன் விலாவுக்குக் கீழே விரலை வைத்தான்.

“அண்ணா, இங்க பாருங்க. மேல் ரெண்டு கட்டு தெரியுது.”

கண்ணாடியில் பார்த்தான். தெரிந்தது. தொப்பைக்கு அடியில் இத்தனை வருசம் இப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் திரிந்திருக்கிறோம் என்று நினைத்தான். அன்றைக்கு ஜிம்மை விட்டுக் கிளம்பும் முன் மறுபடியும் ஒரு தரம் போய்ப் பார்த்துக்கொண்டான்.

கல்லீரல் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேனுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. வயிறு தினமும் தெரிகிறது. ஆகவே அவனாக ஒரு கணக்குப் போட்டான். மேலே இருக்கிற கொழுப்பு போனால் உள்ளே இருப்பதும் போகும்தானே? ஆறு கட்டும் தெரிகிற அன்றைக்குக் கல்லீரல் கழுவி வைத்த பாத்திரமாட்டம் இருக்கும். ரிக்கில் அவன் கற்றதும் அதுதான். மேலே வருகிற தூளின் நிறத்தைப் பார்த்தே அறுநூறு அடிக்குக் கீழே என்ன பாறை என்று சொல்லிவிடுவான், ஒரு தரமும் தப்பியதில்லை. தன் உடம்பையும் அப்படியே படித்துவிடலாம் என்று நினைத்தான். அதைக் கந்தப்பனிடம் சொன்னான், மலர்விழியிடம் சொன்னான். நம்பியும் சொன்னான். ஆனால் அந்தக் கணக்குக்குள் இன்னொரு ஆசையும் ஒளிந்து உட்கார்ந்துகொண்டது. ஜிம்முக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவன் நினைப்பில் அக்கா இல்லை.

கீழ் நாலு கட்டு லேசில் வரவில்லை. எடை எழுபத்தாறில் நின்றுவிட்டது. “நாப்பது வயசுக்கு மேல அப்படித்தாங்ண்ணா நிக்கும். இதக் கலக்கிக் குடிங்க, உருகிரும்” என்று சந்தோஷ்குமார் ஒரு கறுப்பு டப்பாவைக் கொடுத்தான். மேலே ஒரு காளை படம், உள்ளே பச்சை நிறப் பொடி. அவன் கெட்டவன் இல்லை. தானும் அதைத்தான் குடித்தான். எதற்காகச் செல்லமுத்து இளைக்கிறான் என்பது அவனுக்கு முழுசாகத் தெரியாது. செல்லமுத்து சொல்லவில்லை. சொன்னால் கொடுக்க மாட்டான் என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் சொல்லவில்லை.

டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மாவுக்குப் போன் போடலாமா என்று ஒரு நிமிசம் நின்றான். போடவில்லை. இருபது நாள் குடித்தான். கடைசி வாரம் உப்பைக் குறைத்தான், தண்ணீரைக் குறைத்தான், மத்தியானச் சோற்றையும் நிறுத்தினான்.

சித்திரையில் ஊர் மாரியம்மன் நோன்பு. காவிரியில் குளித்துத் தீர்த்தக்குடம் எடுத்து ஆண்கள் வெற்று மேலோடு வருவார்கள். செல்லமுத்து ஈர வேட்டியோடு, தலையில் குடத்தோடு கரையேறி வந்தபோது மேளக்காரர் முதற்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். ஆறு கட்டும் எண்ணி எடுக்கிற மாதிரி நின்றன. எத்தனை மாசம் என்று கேட்டவரே, “ஏனுங்க, இதெங்கிருந்து வாங்கியாந்தீங்க?” என்றார். பையன்கள் கூட நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெயிலும் பட்டினியும் சேர்ந்து கண் இருட்டியது. இருந்தாலும் கோயில் வரைக்கும் நிமிர்ந்தே நடந்தான். நாற்பத்து மூன்று வருசத்தில் தன் உடம்பை நினைத்துப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

படத்தை நித்யஸ்ரீ தன் அம்மாவுக்குக் காட்டினாள். பூவாத்தாளுக்கு அப்போது வயிற்றில் நீர் கோத்து, வாரத்துக்கு ஒரு தரம் ஊசி போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

“நம்மப்பன் வவுறும் இப்படித்தாண்டா இருக்கும். அவருக்குச் சோறில்லாம வந்துச்சு. நீ எனக்காவச் சோத்த உட்டுட்டு வாங்கியிருக்கற.”

“உடம்பப் பாத்துக்கக்கா, பண்ணைக்கு ஆள் வந்திருக்குது, அப்பறம் பேசறேன்” என்று செல்லமுத்து வைத்துவிட்டான். பண்ணைக்கு யாரும் வரவில்லை.

நாலு நாள் கழித்துப் பரிசோதனை. ஸ்கேனில் கொழுப்பு எட்டுப் பங்குக்கு இறங்கியிருந்தது. அவன் கணக்கு ஜெயித்ததென்று வெளியே வந்து கந்தப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சாயங்காலம் ரத்த ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தரம் படித்தார்.

“கல்லீரல் புண்ணாயிருக்கு. ரத்தத்துல என்சைம் அளவு அஞ்சு மடங்கு ஏறியிருக்கு. என்ன சாப்பிட்டீங்க?”

“ஒண்ணுமில்லீங்க.”

“சொல்லுங்க. பொடி ஏதாவது?”

அவன் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான். டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“கொழுப்பு போன மாசமே கிட்டத்தட்ட வந்திருக்கும். நீங்க நான் சொன்னதோட நின்னிருந்தா இந்த வாரம் ஆபரேசன் வெச்சிருப்பேன். இப்ப ஆறு வாரம் கழிச்சுத்தான் மறுபடி பாக்கவே முடியும்.”

வெளியே பெஞ்சில் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். “என்ன மாப்ள சொன்னாங்க?” என்று கேட்டார். “இன்னொரு டெஸ்ட்டு பாக்கி இருக்குதுங்க மச்சான்” என்றான் செல்லமுத்து. அது அவன் வீட்டாரிடம் சொன்ன இரண்டாவது பொய்.

ஆறு வாரம் பூவாத்தாளுக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் ரத்த வாந்தி எடுத்தாள். கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் நினைவு தப்பியது. மகளைப் பார்த்து யார் நீ என்றாள், அப்புறம் அதையும் கேட்கவில்லை. நாலைந்து நாள்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுச் செல்லமுத்துவின் முகத்தைப் பார்க்காமல் போனார்.

“என்ற ஈரல எடுத்துக்கங்க. என்ன ஆனாலும் சரி, நான் எழுதிக் குடுக்கறேன்” என்று அவன் பின்னாலேயே ஓடினான். வேண்டாம் என்றார்கள். புண்ணான கல்லீரலை வைத்தால் இரண்டு உயிரும் போகும்.

அந்த வராந்தாவில்தான் அவன் கந்தப்பனிடமும் நித்யஸ்ரீயிடமும் பொடியைப் பற்றிச் சொன்னான். கந்தப்பன் அவனை அடிப்பாரென்று எதிர்பார்த்தான். அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நித்யஸ்ரீ கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று போன மாதமே தனியாகப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்து வைத்திருந்தாள்.

“எனக்கு எல்லாம் சரியா இருக்குது மாமா. நீங்க அம்மாகிட்டச் சத்தியம் பண்ணுனது எனக்கும் தெரியும். இப்ப அம்மாளுக்கு வேண்டாம்னு சொல்ல நெனவில்ல. அதுவும் நல்லதுதான்.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது தோட்டையும் வளையலையும் கழற்றி மலர்விழியிடம் கொடுத்தாள். செல்லமுத்து கைநீட்டினான், அவள் கவனிக்கவில்லை. பதினொரு மணி நேரம். அந்தப் பதினொரு மணி நேரமும் அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதற்கு முன்னும் குடிக்காமல் இருந்திருக்கிறான், கட்டு தெரிய வேண்டுமென்று.

இருவரும் பிழைத்தார்கள். பூவாத்தாளுக்கு நாலாம் நாள் முழு நினைவு வந்தது. மனசு அதிர்கிற மாதிரி இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம் என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டார். அதனால் கந்தப்பன் ஒரு முடிவு எடுத்தார். மச்சினனை மருத்துவமனைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்.

“மாப்ள, நீ குடுத்ததாச் சொல்லியிருக்கறேன். புள்ளைக்குப் பரீட்சைன்னு சொல்லியிருக்கறேன். பத்து நாளைக்குக் காப்பாத்திக் குடு. உன்னால ஆனது இதாச்சும் பண்ணு.”

மறுக்க அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. நித்யஸ்ரீ ஒரு மாடி கீழே, வயிற்றில் விலாவோரமாக வளைந்த தையலோடு படுத்திருந்தாள். இருமும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுவாள். தினமும் காலையில் செல்லமுத்து அங்கே போய்க் கஞ்சி ஊற்றிக் கொடுப்பான். அவள் வாங்கிக் குடிப்பாள், பேசமாட்டாள். பெண் கேட்டிருந்த திருச்செங்கோட்டு வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டதென்று அவனுக்கு மலர்விழி சொல்லித்தான் தெரியும்.

பதினோராம் நாள் பூவாத்தாளைத் தனி அறைக்கு மாற்றினார்கள். தம்பியைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மலர்விழி அவனுக்கு ஒரு தொளதொளத்த சட்டையைப் போட்டுவிட்டு, மெதுவாக நடக்கச் சொல்லி அனுப்பினாள். அவன் விலாவில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனான். அந்தக் கையை அங்கே வைத்ததற்காக அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

பூவாத்தாளின் கண்ணில் மஞ்சள் இல்லை. எத்தனையோ மாதம் கழித்து அவள் முகம் அவள் முகமாக இருந்தது. கட்டிலோரம் உட்காரச் சொல்லி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

“வலிக்குதா சாமி?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத. எனக்கே இப்படி வலிக்குது. எத்தனையோ ஊட்டுல அண்ணந்தம்பி சீர் செய்யறாங்க, பாத்திருக்கறேன். இப்படி ஒரு சீரு எவளுக்குமே வந்திருக்காது. எம்புள்ளையக் காப்பாத்திக் குடுத்துட்டடா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூச்சத்தில் குனிகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போல.

“எங்க, காட்டு.”

“என்னக்கா?”

“காயத்த. எனக்காவ வெட்டுப்பட்ட எடத்த ஒரு தடவ தொட்டுக் கும்புட்டுக்கறேன்.”

“வேண்டாக்கா. கட்டுப் போட்டிருக்குது.”

“கட்டு மேலயே தொட்டுக்கறேன். கிட்ட வா.”

கந்தப்பன் வாசலில் நின்று தலையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று. செல்லமுத்து எழுந்து போயிருக்கலாம். நர்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். அவனால் அது முடியவில்லை. பொடி டப்பாவைத் திறந்த நாளிலிருந்து அவன் செய்ததிலேயே நேரானது அடுத்து அவன் செய்ததுதான். எழுந்து நின்று சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

ஒரு கீறல் இல்லை. ஆறு கட்டும் அப்படியே இருந்தன, நோன்பன்றைக்கு ஊரே பார்த்த மாதிரி.

பூவாத்தாள் கையை நீட்டி அவன் வயிற்றில் வைத்தாள். விலாவோரம் தடவினாள், தொப்புளுக்கு மேலே தடவினாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள். கை நின்றுவிட்டது. பிறகு மெல்லத் தன் கையை எடுத்துத் தன் வயிற்றுக் கட்டின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் நின்ற புருசனையும் பார்க்கவில்லை.

“நித்யா எங்க?” என்று கேட்டாள்.